சிறு கம்பெனிப் பங்குகள்: வாங்குமுன் ஆராய வேண்டியவை

சங்கத்தில் பங்கு வைத்திருப்பதும் ஒரு கம்பெனியில் பங்கு வாங்குவதும் பெயரளவில் ஒன்றே, தன்மையில் வேறு. சங்கத்தில் பங்கு எத்தனை இருப்பினும் அங்கத்தினருக்கு வாக்கு ஒன்றுதான். சங்கப் பங்கு சந்தையில் விலை பேசப்படுவதில்லை. செயலாளரை நாம் முகமறிவோம்; கிடங்கில் உள்ள நூலையும் உரத்தையும் கண்ணால் காண்கிறோம்; தணிக்கை அறிக்கையைப் பொதுக்குழுவில் எழுந்து நின்று கேள்வி கேட்கிறோம். கம்பெனியிலோ பங்குக்கு ஒரு வாக்கு. பாதிக்கு மேற்பட்ட பங்கு ஒரே குடும்பத்தின் கையில் இருக்குமாயின், ஏனையோரின் வாக்கு பெரும்பாலான தீர்மானங்களை அசைக்காது. அங்கே நமக்கு உள்ள கருவி காகிதத்தைப் படிப்பது ஒன்றே.

மணிலாவும் முந்திரியும் விற்ற பணத்திலோ, நெசவுக் கூலியிலோ மிச்சம் பிடித்ததைச் சிறிய, நடுத்தரக் கம்பெனிகளின் பங்குகளில் போடலாமா என்று அங்கத்தினர் பலர் இந்நாளில் கேட்கின்றனர். போடக்கூடாது என்று சொல்ல நாம் முன்வரவில்லை. ஆனால் விற்பனைக்கூடத்தில் மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டுப் பாராமல் விலை சொல்லும் வியாபாரி உண்டா?

முதலில் சிறியது, நடுத்தரமானது என்பதன் பொருளை அறிதல் நலம். பரஸ்பர நிதிகளுக்கென ‘செபி’ 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் வகுத்த முறைப்படி, சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகள் பெரியவை. 101 முதல் 250 வரை நடுத்தரமானவை. 251 முதல் கீழுள்ளவை அனைத்தும் சிறியவை. ஆகவே ‘சிறியது’ என்ற ஒரே பெயருக்குள் பல ஆயிரம் கோடி மதிப்புள்ளதும் இருக்கும். பத்து இருபது கோடி மட்டுமே மதிப்புள்ளதும் இருக்கும்.

இவை பெரியவற்றைப் போல நடப்பதில்லை. மும்பைச் சந்தையின் சிறு கம்பெனிக் குறியீடு 2008 ஜனவரியில் இருந்த உயரத்திலிருந்து 2009 மார்ச்சுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. 2018 ஜனவரிக்கும் 2019 டிசம்பருக்கும் இடையே பெரிய கம்பெனிகளின் சென்செக்ஸ் ஏறியது. சிறு கம்பெனிக் குறியீடோ அதே காலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்தது. “சந்தை ஏறுகிறது” என்று நாளிதழில் படிக்கும்போது, ஏறுவது எந்தச் சந்தை என்று கேட்டுக் கொள்ளுதல் வேண்டும்.

இனித் தொழிலை ஆராய்வது. நமக்கு மிக அருகில் உள்ள பாடசாலை விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டை. அங்குள்ளவை பெரும்பாலும் தனியார் சிறு பட்டறைகள். பங்குச் சந்தையில் அவற்றுக்கு இடமில்லை. ஆயினும் ஒரு சிறு தொழில் எவற்றை நம்பி நிற்கிறது, எவற்றால் சாய்கிறது என்பதை அங்கே நேரில் காணலாம். களிமண், எரிபொருள், வேலைத்திறன், வாங்குவோர் என நான்கும் கூடினால்தான் உலை எரியும். பீங்கானைச் சுட 1,200 பாகை வெப்பத்துக்குக் குறையாமல் வேண்டும்; பாதியில் அணைத்தால் உலையிலுள்ள சரக்கு முழுதும் வீண். ஒரு காலத்தில் வீடுதோறும் மின்பலகையில் பீங்கான் பியூஸ் கட்டைகள் இருந்தன. பின்னர்த் தானே அணையும் சுவிட்சுகள் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. சரக்கில் குறையில்லை, கைத்திறனிலும் குறையில்லை, வாங்குவோர் வேறு பொருளுக்குப் போய்விட்டனர். விசைத்தறியைக் கண்ட கைத்தறியாளருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

சந்தையில் பங்கு விற்கும் பீங்கான் கம்பெனிகளுக்கும் இதே கதிதான். புதுச்சேரியைச் சேர்ந்த ஏனாமில் ரீஜென்சி செராமிக்ஸ் என்ற ஓடு ஆலை இருந்தது. 2012 ஜனவரியில் தொழிலாளர் தகராறு முற்றித் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரும் ஆலையின் உயர் அதிகாரி ஒருவரும் உயிரிழந்தனர். ஆலை தீக்கிரையாகிப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. ஓர் ஊரின் ஓர் ஆலையை நம்பிய கம்பெனியில் பணம் போட்டவரின் நிலை என்னவாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. குஜராத்தின் மோர்பியில் நூற்றுக்கணக்கான ஓடு ஆலைகள் உள்ளன. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கு நிலக்கரி வாயுக் கலன்களை மூடச் சொல்லவே, ஆலைகள் இயற்கை வாயுவுக்கு மாறின. 2022-இல் அந்த வாயுவின் விலை ஏறியபோது, ஆகஸ்டு மாதத்தில் பெரும்பாலான ஆலைகள் ஏறத்தாழ ஒரு மாதம் உற்பத்தியை நிறுத்தி வைத்தன. ஆதலின் எந்தக் கம்பெனியானாலும் முதற் கேள்வி இது: இதன் உலையை அணைக்கும் சக்தி யார் கையில் உள்ளது?

விடை ஆண்டறிக்கையில் கிடைக்கும். பங்குச் சந்தைகளின் இணையதளத்தில் அதை எவரும் இலவசமாகப் படிக்கலாம். முன்பக்கத்து வண்ணப் படங்களையும் தலைவர் உரையையும் விரைந்து கடந்து, பின்பக்கத்துக் கணக்குகளுக்குச் செல்க. ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக் கொள்வோம். சென்ற ஆண்டு விற்பனை 34 கோடி; இவ்வாண்டு 40 கோடி. நிகர லாபம் 3 கோடி. நல்ல கம்பெனி என்றே தோன்றும். ஆனால் வரவேண்டிய பாக்கி 6 கோடியிலிருந்து 13 கோடி ஆகியிருக்கிறது. சென்ற ஆண்டு 64 நாளில் வந்த பணம் இவ்வாண்டு 119 நாளாகியும் வரவில்லை என்பது இதன் பொருள். லாபம் 3 கோடியுடன் தேய்மானம் 1 கோடியைக் கூட்டி, பாக்கியில் முடங்கிய 7 கோடியைக் கழித்தால், கைக்கு வந்த ரொக்கம் ஏதுமில்லை. 3 கோடி பள்ளம். அதை அடைக்க வங்கிக் கடன் வாங்கியிருப்பார்கள். சேலையைக் கடனுக்கு அனுப்பிவிட்டு விற்பனை கூடிற்று என்று மகிழும் தறிக்காரருக்கும் இக்கம்பெனிக்கும் வேறுபாடு யாது? ரொக்க ஓட்டக் கணக்கை ஐந்தாண்டுக்குச் சேர்த்துப் பார்ப்பது நன்று. ஓராண்டில் எதுவும் நடக்கலாம். ஐந்தாண்டு லாபத்தில் பெரும்பகுதி ரொக்கமாக வரவில்லையெனில் அந்த லாபத்தை ஐயுற வேண்டும்.

அடுத்து, நிறுவனர் குடும்பம் தன் பங்குகளை அடகு வைத்துள்ளதா என்று பாருங்கள். பங்குதாரர் விவரம் காலாண்டு முடிந்த 21 நாளுக்குள் வெளியாக வேண்டும் என்பது விதி. அடகு மிகுந்திருந்தால், விலை சற்று இறங்கியவுடன் கடன் கொடுத்தவர் அப்பங்குகளைச் சந்தையில் தள்ளக்கூடும். குடும்பத்தாரின் வேறு கம்பெனிகளுக்குக் கொடுத்த கடனையும், தணிக்கையாளர் இடையில் விலகியிருந்தால் அதன் காரணத்தையும் விடாமல் பார்க்க வேண்டும்.

கணக்கு நன்றாக இருந்தும் மாட்டிக் கொள்ளும் வழி ஒன்று உண்டு. அதைத்தான் நம்மவர் அறிவதில்லை. சிறு கம்பெனிப் பங்கை வாங்குவது எளிது. வேண்டிய நாளில் விற்பது எளிதன்று. ஒரு பங்கின் விலை ஒரே நாளில் இவ்வளவுக்கு மேல் இறங்கலாகாது என்று சந்தை வரம்பு விதிக்கிறது. வரம்பு 5 சதவீதம் என்று கொள்வோம். கெட்ட செய்தி வந்த அன்று ரூ. 100 பங்கு ரூ. 95-இல் நிற்கும், விற்போர் ஆயிரம் பேர், வாங்க ஒருவரும் இல்லை. மறுநாள் ரூ. 90.25. இப்படிப் பத்து நாள் சென்றால் ஏறத்தாழ ரூ. 60. அந்தப் பத்து நாளும் நீங்கள் வெறுமே பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான். ஆடியில் விதைக்கும், தையில் மகள் திருமணத்துக்கும், நூல் பாக்கிக்கும் என்று நாள் குறித்த பணம் இதற்கு ஏற்றதன்று. ஐந்து, ஏழு ஆண்டுகள் தேவைப்படாத பணத்தில் ஒரு பகுதி மட்டுமே இதற்கு உரியது. சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு என்பது எமது கருத்து. சிலர் அதையும் மிகுதி என்பர்.

கைப்பேசிக்கு வரும் துப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றாட வியாபாரம் குறைந்த பங்கைச் சிலர் முன்னரே குறைந்த விலைக்குச் சேர்த்துக்கொண்டு, ஊரெல்லாம் புகழ்ந்து விலையை ஏற்றி, நம்மிடம் தள்ளிவிட்டு நழுவுவதுண்டு. செபி இத்தகையோர் மீது பலமுறை நடவடிக்கை எடுத்தும் வழக்கம் ஓயவில்லை. நமக்குப் பயன்படும் துப்பு நம் தொழிலிலிருந்தே வருவது. நூல் விலை, சாயத்தின் தரம், பம்புசெட்டின் உழைப்பு ஆகியவற்றை நம்மைவிட நன்கறிந்தவர் மும்பையில் எத்தனை பேர்?

வாங்கியபின், எதற்காக வாங்கினோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் இரண்டு வரியில் எழுதி வையுங்கள். காலாண்டு முடிந்து 45 நாளுக்குள், ஆண்டு முடிவானால் 60 நாளுக்குள் கணக்கு வெளியாகும். அப்போது அந்த இரண்டு வரியுடன் ஒத்துப் பாருங்கள். எழுதிய காரணம் பொய்த்துவிட்டால் நஷ்டமானாலும் விற்பது முறை. காரணம் நிலைத்து விலை மட்டும் இறங்கியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆயின் இறங்க இறங்க மேலும் வாங்கி ஒரே கம்பெனியில் முடங்குவது வேண்டா. பாதியாய்க் குறைந்த பணம் பழைய நிலைக்கு வர இருமடங்காக வேண்டும். இவ்வளவு படிக்க நேரமில்லாதவர் பரஸ்பர நிதி வழியாகப் போகலாம். சிறு கம்பெனி நிதி தன் பணத்தில் 65 சதவீதமாவது சிறு கம்பெனிகளில் போட வேண்டும் என்பது விதியாதலால், சந்தை விழும்போது அதுவும் விழும்.

டீமேட் கணக்குத் தொடங்கும்போதே வாரிசு நியமனத்தைப் பதிவு செய்க. வீட்டில் உள்ளவர்க்கும் கணக்கின் விவரத்தைச் சொல்லி வைக்க வேண்டும். ஏழாண்டு தொடர்ந்து லாப ஈவைப் பெற்றுக் கொள்ளாத பங்குகள், கம்பெனிச் சட்டப்படி அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்ச் சேரும். விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். ஆனால் அப்படி ஒரு பங்கு இருப்பதே தெரியாத மனைவி மக்கள் எதைக் கேட்டு விண்ணப்பிப்பர்?