சுவர் குடித்த நீர்: வெள்ளத்தின் பின் வீட்டை உலர்த்துதல்

கார்த்திகையில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் பலரும் ஓடி வந்து உதவுவர். சமைத்த உணவு வரும், பாய் வரும், போர்வை வரும். வெள்ளம் வற்றியதும் வந்தவர்கள் திரும்பிவிடுவர். தை பிறந்த பின் ஒருநாள் அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்துப் பார்க்கும்போதுதான், அதன் பின்புறம் முழுவதும் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருப்பது தெரியவரும். இரவில் சின்னப்பிள்ளைக்குத் தொய்வு இழுக்கும். இதற்கு நிவாரண அட்டை எதுவும் கிடையாது.

யாழ் குடாநாட்டில் இது புதிய அனுபவம் அல்ல. 2008 கார்த்திகையில் ‘நிஷா’ புயல் பெருமழையைக் கொட்டியபோது ஏ-9 வீதி மூடப்பட்டிருந்தது. சீமெந்தும் மருந்தும் கப்பலில் வந்த காலம் அது. 2020 மார்கழித் தொடக்கத்தில் ‘புரெவி’ வந்தது. 2024 கார்த்திகை இறுதியில், பின்னர் ‘பெங்கல்’ புயலாக மாறிய தாழமுக்கம் பல்லாயிரம் குடும்பங்களைப் பாதித்தது. அதை அடுத்து மார்கழியில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களையும் கொண்டுபோனது. ஆகவே வெள்ளம் நின்ற வீட்டைக் கழுவப் போகிறவர்கள் காலில் சப்பாத்து அணிந்து, புண் காயங்களை மூடிக்கொண்டு இறங்குவது நல்லது. தடுப்பு மருந்து பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பூஞ்சணம் எங்கிருந்து வருகிறது? பாடசாலைப் புத்தகங்களில் பங்கசு என்று படித்தோமே, அதுதான் இது. அதன் வித்திகள் எப்போதும் காற்றில் மிதந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை ஒருவராலும் ஒழிக்க முடியாது. அவை முளைப்பதற்கு ஈரமும் உண்பதற்கு ஏதாவதும் வேண்டும். மரம், கடதாசி, பருத்தித் துணி, பாய், தூசி எல்லாமே அதற்கு உணவு. நனைந்த பொருள் இரண்டு நாட்களுக்குள் உலராவிட்டால் முளைக்கத் தொடங்கிவிடும். 2005இல் கத்ரீனா புயலின் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் சோதித்த வீடுகளில் ஏறத்தாழப் பாதியில் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தது. பணக்கார நாட்டிலும் அப்படித்தான். ஈரத்தை எடுக்காமல் பூஞ்சணத்தை மட்டும் துடைப்பது வேரை விட்டுக் களையின் தலையைக் கிள்ளுவது போன்றது.

வீட்டுக்குள் நுழையுமுன் மெயின் சுவிச்சை நிறுத்த வேண்டும். சுவிச்சுப் பெட்டியே நனைந்திருந்தால் அதைத் தொடாமல் மின்சாரம் தெரிந்த ஒருவரை அழையுங்கள். பிறகு சேற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்து வெளியே போடுங்கள். காய்ந்தால் சேறு சீமெந்தாகிவிடும். பஞ்சு மெத்தை, தலையணை வெள்ள நீரில் ஊறியிருந்தால் மனம் நொந்தாலும் கழித்துவிடத்தான் வேண்டும். மேலே காய்ந்தாலும் உள்ளே பஞ்சு காயாது.

அடுத்தது காற்று. யன்னலை இரவும் பகலும் திறந்து வைத்தால் வீடு காய்ந்துவிடும் என்று பலர் நினைக்கின்றனர். மாரியில் அது பாதிதான் சரி. மழை பெய்யும்போதும் அதிகாலைப் பனியிலும் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும். அந்த நேரம் திறந்தால் ஈரம் உள்ளே வரும். வெயில் ஏறிய பின் காலை ஒன்பது பத்து மணிக்குத் திறந்து, பின்னேரம் நான்கு மணியளவில் மூடுங்கள். வாடைக்காற்று வரும் பக்கத்தையும் அதற்கு எதிர்ப்பக்கத்தையும் சேர்த்துத் திறந்தால்தான் காற்று அறையைக் கடந்து போகும். அலுமாரி, பெட்டி, கட்டில் யாவும் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளியிருக்கட்டும். ஈரம் போவதற்கென்று கதவை மூடி உள்ளே கரி அடுப்பு வைப்பது உயிராபத்து. கரிப்புகையில் உள்ள காபனோரொட்சைட்டு மணமில்லாமலே ஆளைக் கொல்லும். மண்ணெண்ணெய் எரித்தால் அதிலிருந்தும் நீராவிதான் வரும்.

இனிச் சுவர். இங்கேதான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறோம். சுண்ணக்கல்லும் சாந்தும் கொண்ட தடித்த சுவர் உலர, அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்று கட்டட வேலை தெரிந்தவர்கள் மட்டாகக் கணக்கிடுவர். இரு பக்கமும் காற்றுப்படும் ஒன்பது அங்குலச் சுவருக்கு நான்கு ஐந்து மாதம் என்று வையுங்கள். நிஷாவின் பின் நான் தைப்பொங்கலுக்கு வீடு அழகாயிருக்க வேண்டுமென்று எமல்ஷன் பூசினேன். பங்குனியில் அது பப்படம்போலக் கொப்பளித்து உரிந்தது. உரிந்த இடமெல்லாம் கறுப்பு. பூச்சுக் காசு இரண்டு தரம் போனது.

சுவர் காய்ந்ததா என்று அறியச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு முழ அகலத்தில் தெளிந்த பொலித்தீன் துண்டை எடுத்து நான்கு ஓரமும் இடைவெளியின்றிச் சுவரில் ஒட்டுங்கள். ஒருநாள் கழித்துப் பாருங்கள். பொலித்தீனின் உட்புறம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது என்பது பொருள். பூச வேண்டாம். வெள்ளம் நின்ற அடையாளத்துக்கு ஓர் அடி மேல்வரை, தட்டினால் பொந்தாகச் சத்தமிடும் சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டால் விரைவாக உலரும். உலர்ந்த பின் சுண்ணாம்பு வெள்ளையே மேல். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் முளைக்காது, சுவரின் ஈரமும் அதனூடாக வெளியேறும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு மேல் கனமான சீமெந்துப் பூச்சுப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சணம் அல்ல. கரையோரக் கிராமங்களில் அது பெரும்பாலும் உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உப்பானால் கரைந்துபோகும், பூஞ்சணமானால் இழுபட்டு அப்பும். உப்பைக் காய்ந்தபடியே தும்புத்தடியால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். கழுவினால் திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும். பூஞ்சணத்தை மாறாக, ஒருபோதும் காய்ந்தபடி தட்டக்கூடாது. வித்தி முழு அறைக்கும் பறக்கும். கொவிட் காலத்தில் பழகிய என்-95 முகக்கவசம் கட்டி, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் தேய்த்து எடுங்கள். தொய்வுள்ளவர்களும் குழந்தைகளும் அந்த நேரம் வெளியே இருக்கட்டும். சீமெந்துத் தரைக்கும் ஓட்டுக்கும் குளோரின் திரவம் பாவிக்கலாம். நான்கு லீற்றர் தண்ணீருக்கு ஒரு கோப்பைக்கு மேல் வேண்டாம். அதை மலசலகூடம் கழுவும் அமிலத்தோடோ வினாகிரியோடோ கலந்தால் நச்சுவாயு கிளம்பும்.

1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில் விடப்பட்டபோது அங்கே போனவர்கள் கூரையற்ற சுவர்களையே கண்டனர். ஓடும் மரமும் போய், 27 மாரி மழையைச் சுவர்கள் மேலிருந்தே குடித்திருந்தன. அத்தகைய வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சணத்தை அல்ல, சுவர் நிற்குமா என்பதை. அரசும் ஆலும் வேர்விட்ட சுவரை மேசன் ஒருவர் தட்டிப் பார்க்கட்டும். மரத்தை இழுத்துப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். வேரோடு வெட்டி, மீதியை அப்படியே பட்டுப்போக விடலாம். உள்பூச்சுக்கு முன் கூரை போட வேண்டும். கூரைக்குப் பணமில்லாவிட்டால் சுவர்த் தலைக்காவது தறப்பாள் போட்டுக் கல் வையுங்கள். கூரை போட்ட பின் ஒரு சோளகக் காலம் முழுவதும் சுவரைச் சும்மா விட்டால் போதும், அந்தக் காற்றுக்கும் வெயிலுக்கும் ஈடான மருந்து கடையில் இல்லை. வீட்டுத்திட்டப் பணம் தவணை தவணையாக வருவதால், அடுத்த தவணைக்காக ஈரச்சுவருக்கு மேல் பூசிவிடுகிறோம் என்பதும் உண்மை. பூசித்தான் ஆக வேண்டுமென்றால் வெளிப்பக்கத்தை முதலில் பூசி, உட்பக்கத்தைச் சித்திரைக்குப் பின் தள்ளுங்கள். அதற்கு அலுவலர் இணங்குவாரா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் கொட்டிலில் இருப்போர், தகரத்தின் உட்புறம் விடியற்காலையில் வியர்த்து வடிவதைக் கண்டிருப்பீர்கள். கிடுகை அதன் கீழ் ஒரு பரப்பு வேய்ந்தால் குறையும். கொட்டிலைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, பெட்டிகளைச் சீமெந்துக் கல்லில் ஏற்றுங்கள். மண்தரை நன்றாகக் காயுமுன் சாணம் மெழுக வேண்டாம்.

நனைந்த கச்சான், செத்தல் மிளகாய், நெல் ஆகியவற்றில் பூஞ்சணம் கண்டால் கழுவிக் காயவைத்துச் சமைக்கக்கூடாது. அதில் ஊறும் அபிளாரொட்சின் நஞ்சு வேகவைத்தாலும் முற்றாகப் போகாது, ஈரலைத் தாக்கும். 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் பெருந்தொகையாகச் செத்தபோதுதான் இந்த நஞ்சு வெளிப்பட்டது. ஆகவே கோழிக்கும் மாட்டுக்கும் போட்டுவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். விதை வெங்காயப் பிடிகளை நிலத்தில் குவிக்காமல் காற்றுப்படத் தூக்கிக் கட்டுங்கள். அழுகியதை அன்றன்றே பொறுக்கிவிட வேண்டும்.

கடைசியாக, காணி உறுதி. இடம்பெயர்ந்தவருக்கு ஊர் என்று மிஞ்சியிருப்பது சிலவேளை அந்தக் கடதாசி மட்டுமே. நனைந்த உறுதியை வெயிலில் விரிக்காதீர்கள், மை மங்கிக் கடதாசி சுருளும். ஒட்டிய தாள்களைப் பலவந்தமாகப் பிரிக்காமல், பிரியக்கூடிய தாள்களுக்கிடையில் அச்சில்லாத வெள்ளைத் தாளோ மெல்லிய பருத்தித் துணியோ வைத்து, நிழலில் காற்றுப்பட உலர்த்துங்கள். நனைந்த தாளைச் சில மணிக்கொருமுறை மாற்றுங்கள். உடனே செய்ய நேரமில்லையென்றால் பொலித்தீன் பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் உறைநிலைத் தட்டில் வைத்துவிடலாம். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது, பிறகு ஆறுதலாக உலர்த்தலாம். எழுத்து அழிந்தே போனாலும் பதற வேண்டாம். நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போவது வழக்கம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் திகதியும் தெரிந்தால் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த மூன்றையும் இன்றே ஒரு கொப்பியில் எழுதி, வேறு ஊரிலிருக்கும் ஒரு உறவினர் வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.