மேசைமேல் ஒரு பட்டறை – 9: மோட்டாரை மாற்றினால் என்னவெல்லாம் மாறும்?

2011-இல் எட்வர்ட் ஃபோர்டு என்ற அமெரிக்கர் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி ஷேப்போகோ என்ற, கணினிக் கட்டளைப்படி வெட்டும் சிறு சிஎன்சி ரூட்டரை வெளியிட்டார். அலுமினியச் சட்டம், பல்வைத்த பெல்ட், ஆர்டுயினோ பலகை என்று எல்லாமே எளிமை. வெட்டும் வேலைக்கு, கையில் பிடித்து ஓட்டும் சின்ன ரோட்டரி கருவியையே சட்டத்தில் பூட்டிக்கொண்டார்கள். மென்மரம், பிளாஸ்டிக் வரை அது தாங்கியது. 2015-இல் ஷேப்போகோ 3-உம் அதே வகையைச் சேர்ந்த எக்ஸ்-கார்வ் இயந்திரமும் வந்தபோது அந்த இடத்தைத் தச்சர்களின் ட்ரிம் ரூட்டர் பிடித்துக்கொண்டது. இப்போது அதே அளவு மேசைகளில் 2.2 கிலோவாட் ஸ்பிண்டில்கள் ஏறுகின்றன. இயந்திரம் வாங்கியவருக்கு அடுத்து வரும் ஆசை பெரும்பாலும் இதுதான்.

அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. ட்ரிம் ரூட்டருக்குள் இருப்பது நம் வீட்டு மிக்ஸியில் இருக்கும் அதே வகை மோட்டார்: கார்பன் பிரஷ் உரசி ஓடும் யுனிவர்சல் மோட்டார். நேராகக் கரண்ட்டில் சொருகினால் ஓடும். எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் மணிக்கணக்கில் ஓடும்போது பிரஷ் தேய்கிறது, சத்தம் காதை அடைக்கிறது. பலரிடம் இருக்கும் டிவால்ட் டிடபிள்யூபி611-இன் குறைந்தபட்ச வேகமே நிமிடத்துக்கு 16,000 சுற்று. மகிட்டா ஆர்டி0701சி 10,000 வரை இறங்கும்.

வேகம் இறங்காததில் என்ன கெடுதல்? கட்டரின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீவலை எடுக்க வேண்டும். இரண்டு பல் கட்டர், பல்லுக்கு 0.05 மி.மீ. சீவல், 16,000 சுற்று என்றால் இயந்திரம் நிமிடத்துக்கு 1,600 மி.மீ. நகர வேண்டும். சட்டம் அந்த வேகத்தைத் தாங்காமல் அதிர்கிறதே என்று நகர்வைக் குறைத்தால், பல் வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்கத் தொடங்குகிறது. மரம் கருகுகிறது, பிளாஸ்டிக் உருகுகிறது, அலுமினியம் கட்டரிலேயே ஒட்டிக்கொள்கிறது. சுற்றை 10,000-க்கு இறக்க முடிந்தால் 1,000 மி.மீ. நகர்விலேயே அதே சீவல் கிடைக்கும்.

ஸ்பிண்டில் இங்கேதான் கை கொடுக்கிறது. அது பிரஷ் இல்லாத மூன்று ஃபேஸ் இன்டக்‌ஷன் மோட்டார். இரண்டு துருவம் கொண்ட இந்த வகை மோட்டார் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் 3,000 சுற்றைத் தாண்டாது. 24,000 சுற்று வேண்டுமானால் 400 ஹெர்ட்ஸ் கொடுக்க வேண்டும். அதை உருவாக்கித் தரும் பெட்டிதான் விஎஃப்டி. டென்மார்க்கின் டான்ஃபாஸ் 1968-இலேயே இவ்வகைப் பெட்டிகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. ஆலைகளில் பம்பையும் விசிறியையும் ஓட்டிய அந்தத் தொழில்நுட்பம், மலிவான சீனத் தயாரிப்புகள் வந்த பிறகே வீட்டு மேசைக்கு எட்டியது.

2.2 கிலோவாட் என்ற எண்ணைப் பார்த்து மயங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் திறன் 24,000 சுற்றில் மட்டுமே கிடைக்கும். முறுக்குவிசை ஏறக்குறைய 0.88 நியூட்டன் மீட்டர். வேகத்தைக் குறைத்தாலும் அது அதிகரிக்காது. ஆகவே 12,000 சுற்றில் 1.1 கிலோவாட், 6,000 சுற்றில் வெறும் 550 வாட். அலுமினியத்தை மெதுவாக, ஆழமாக வெட்டலாம் என்று வாங்குபவர்கள் ஏமாறுவது இதனால்தான். உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டம் அமைதியாகிறது. நல்ல பேரிங்கில் கட்டரின் தள்ளாட்டம் குறைகிறது. கட்டரைக் கவ்வும் ஈஆர் கோலெட் வருவதால் பல அளவுக் கட்டர்களைப் பிடிக்க முடிகிறது: ஈஆர்11-இல் 7 மி.மீ. வரை, ஈஆர்20-இல் 13 மி.மீ. வரை. பெல்ட்டில் ஓடும் இயந்திரத்துக்கு 0.8 அல்லது 1.5 கிலோவாட் தாராளம். அதற்கு மேல் போனால், மோட்டார் திணறுவதற்கு முன்பே சட்டம் வளைந்துவிடும்.

எடைக் கணக்கையும் போட வேண்டும். ட்ரிம் ரூட்டர் ஏறக்குறைய 2 கிலோ, 80 மி.மீ. விட்டமுள்ள 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் சுமார் 5 கிலோ. ஷேப்போகோ 3-இன் முதல் வடிவத்தில், கட்டரை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சு பெல்ட்டில்தான் தொங்கியது. பாரத்தைத் தாங்க ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். அதில் இவ்வளவு எடையை ஏற்றினால் ஸ்டெப்பர் மோட்டார் படிகளைத் தவறவிடும், வெட்டின் ஆழம் மாறும். பால் ஸ்க்ரூ வைத்த இசட் அச்சை முதலில் போட்டுவிட்டுப் பிறகு ஸ்பிண்டிலுக்குப் போவதே சரியான வரிசை. பலர் இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு முறை செலவழிக்கிறார்கள்.

இனி விஎஃப்டி. ஸ்பிண்டில்கள் எரிவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் ஓரிரு எண்களைத் தவறாக வைப்பதால். மலிவான பெட்டிகள் பலவும் 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கான அமைப்புடன் வருகின்றன. அந்த நிலையில் பெட்டி 50 ஹெர்ட்ஸிலேயே முழு 220 வோல்ட்டைத் தள்ளும். ஆனால் 400 ஹெர்ட்ஸில் 220 வோல்ட் வாங்கும்படி சுற்றிய மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் தேவைப்படுவது 27.5 வோல்ட்தான். எட்டு மடங்கு வோல்டேஜ் ஏறினால் இரும்பு உட்கரு காந்தத்தால் நிறைந்துபோய், கரண்ட் எகிறி, சில நொடிகளில் காயில் கருகும். பரவலாகப் புழங்கும் ஹுவான்யாங் பெட்டியில் பிடி004 என்ற அடிப்படை அதிர்வெண்ணையும் பிடி005 என்ற உச்ச அதிர்வெண்ணையும் 400-க்கு மாற்றாமல் ரன் பட்டனைத் தொடவே கூடாது. குறைந்தபட்ச வேகத்துக்கும் எல்லை வைக்க வேண்டும். காற்றால் குளிரும் ஸ்பிண்டிலின் விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது. மெதுவாக ஓடினால் காற்றும் குறைந்துவிடும். தண்ணீரால் குளிரும் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பம்ப் நின்றுபோனதை யாரும் கவனிக்காவிட்டால் ஸ்பிண்டில் போய்விடும்.

பெட்டியைத் திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 230 வோல்ட் உள்ளே போய் 325 வோல்ட் டிசியாகக் கெப்பாசிட்டரில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நிமிடங்களுக்கு அது உயிரோடு இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்பிண்டில் கேபிளைக் கழற்றினால் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் வெடிக்கக்கூடும்.

அமெரிக்க வீட்டு பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். 1,800 வாட்டுக்கு மேல் தராது. அதனால் அங்கே 2.2 கிலோவாட்டுக்குத் தனியாக 240 வோல்ட் லைன் இழுக்க வேண்டியிருக்கிறது. நம் ஊரில் 230 வோல்ட் என்பதால், ஏசிக்குப் போடுவதைப் போல ஒரு தனி லைன் இருந்தால் போதும். ஆனால் எர்த் விஷயத்தில் எந்த ஊரிலும் சலுகை கிடையாது. மலிவான ஸ்பிண்டில்கள் சிலவற்றில் பிளக்கின் நான்காவது பின் உள்ளே எதனோடும் இணைக்கப்படாமலே வருகிறது. மல்டிமீட்டர் வைத்து, அந்தப் பின்னிலிருந்து உலோக உடலுக்குத் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். கை படும் உலோகம் அது.

எர்த் சரியில்லை என்றால் இன்னொரு தொல்லையும் சேரும். விஎஃப்டி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புவதால் மின் இரைச்சல் கிளம்புகிறது. அது லிமிட் சுவிட்ச் ஒயரில் ஏறினால், எல்லையைத் தொடாமலே தொட்டுவிட்டதாக இயந்திரத்தை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள் நினைத்துப் பாதி வேலையில் அலாரம் அடித்து நின்றுவிடும். லேப்டாப்பின் யுஎஸ்பி இணைப்பும் அறுந்துபோகும். உறையிட்ட நான்கு கம்பிக் கேபிள் போட்டு, உறையை விஎஃப்டி பக்கத்தில் எர்த் செய்து, சுவிட்ச் ஒயர்களை அதிலிருந்து தள்ளி ஓட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ட்ரிம் ரூட்டரைக் கையால் ஆன் செய்து பழகியவர்கள் மறக்கும் ஒன்று உண்டு. விஎஃப்டி முழு வேகத்தை எட்டச் சில நொடிகள் ஆகும். ஸ்பிண்டிலைச் சுழலச் சொல்லும் எம்3 கட்டளை போனவுடன் இசட் அச்சு இறங்கினால், பாதி வேகத்தில் இருக்கும் கட்டர் மரத்தில் குத்தி முறியும். எம்3-க்குப் பிறகு ஜி4 பி5 என்று ஒரு வரி சேர்த்தால் ஜிஆர்பிஎல் 5 நொடி காத்திருக்கும். நிற்கும் நேரத்தையும் மிகக் குறைக்கக் கூடாது. வேகமாக நிறுத்தினால் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப, ஓவர் வோல்டேஜ் என்று பெட்டி ட்ரிப் ஆகும்.

புது ஸ்பிண்டிலை முதல் நாளே 24,000-இல் ஓட விடக் கூடாது. பேரிங்கில் கிரீஸ் சீராகப் பரவ, குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். உடலைத் தொட்டுப் பார்த்து, சூடு தாங்கும் அளவில் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

ஸ்பிண்டிலுக்கு மாறிச் சத்தம் குறைந்ததும், அதுவரை ரூட்டரின் சத்தத்தில் அமுங்கியிருந்த வேக்குவம் கிளீனரின் இரைச்சல் பெரிதாகக் கேட்கத் தொடங்கும். அதை அணைத்துவிடத் தோன்றும், அணைக்கக் கூடாது. மரத்தூசு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. அடுத்த வாரம் தூசு உறிஞ்சும் அமைப்பைப் பார்ப்போம்.