வெள்ளியங்கிரி ஏறப் போறீங்களா? தீபாவளி முடிஞ்சதும் இந்த டெஸ்ட்டை எடுத்துடுங்க!

தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் பிப்ரவரி முதல் மே வரை, பூண்டி போகும் ரோட்டில் ராத்திரியிலும் கூட்டம் குறையாது. சனிக்கிழமை வேலை முடித்து, மூங்கில் தடியோடு வெள்ளியங்கிரி ஏறி, ஞாயிறு இறங்கி, திங்கள் காலை மறுபடி ஆபீஸ். இளைஞர்கள் பலருக்கு இது வருஷா வருஷம் வழக்கம்.

2024 மார்ச் கடைசியில் அந்த மலையில் அடுத்தடுத்து மூன்று பக்தர்கள் உடல்நிலை பாதித்து இறந்தனர். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மலையேற வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரித்தனர். சரியான அறிவுரைதான். ஆனால், தனக்கு இதய நோய் இருப்பதே தெரியாதவர் என்ன செய்வார்?

ஏன் வெளியே தெரிவதில்லை?

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி ரத்தக்குழாய்களில், எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு இளம் வயதிலேயே படியத் தொடங்கலாம். குழாய் நன்றாகக் குறுகும் வரை, சமதளத்தில் நடக்கும்போது ஒன்றும் தெரியாது. தூக்கமில்லாமல் செங்குத்தாக ஏறும்போது இதயம் கூடுதல் ரத்தம் கேட்கும். குறுகிய குழாயால் தர முடியாது. சில நேரம் சின்னப் படிவுகூட வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயையே மூடிவிடும். அதுதான் மாரடைப்பு.

"போன மாசம்தான் ஈசிஜி எடுத்தேன், நார்மல்" என்பவர்கள் கவனிக்க: படுத்த நிலையில் எடுக்கும் ஈசிஜி, அடைப்பு இருந்தும் நார்மலாக வரலாம். டிரெட்மில் டெஸ்ட்டும் பெரும்பாலும் பெரிய அடைப்பைத்தான் காட்டும்.

எந்த டெஸ்ட், எப்போ?

* கொழுப்பு: முதல் பரிசோதனையை 18 வயதிலேயே எடுக்கச் சொல்கிறது இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல். வெறும் வயிற்றில்தான் எடுக்கணும் என்றில்லை. ஆபத்து குறைவானவர்களுக்கு எல்டிஎல் 100-க்குக் கீழே, சர்க்கரை அல்லது பிபி உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே இருக்கணும்.
* லிப்போபுரோட்டீன் (ஏ): பரம்பரையாக வருவது. வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்கணும்.
* பிபி, சர்க்கரை: ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.
* குடும்ப வரலாறு: அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா, தங்கைக்கு 65-க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் சி.டி. கால்சியம் ஸ்கேன் எழுதுவார்.

'கேஸ்' என்று விட்டுடாதீங்க

மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகி, நின்றால் சரியாகிறதா? சோடா குடித்துச் சமாளிக்காமல் டாக்டரைப் பாருங்கள். வலி இடது கை, தாடை, முதுகுக்குப் பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ உடனே 108. மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் நடப்பில் இருக்கிறது.

தடுக்க முடியுமா?

பெருமளவு முடியும். பீடி, சிகரெட், புகையிலையை நிறுத்துங்கள். வாரம் 150 நிமிடம் வேகமாக நடங்கள். உப்பைக் குறையுங்கள். டாக்டர் ஸ்டாட்டின் எழுதினால், ரிப்போர்ட் நார்மலானதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையால்தான் நார்மல் ஆகியிருக்கிறது.

கொழுப்பு குறையவும் உடம்பு ஏற்றத்துக்குப் பழகவும் சில மாதம் பிடிக்கும். மலைப்பாதை பிப்ரவரியில் திறக்கிறது. அதனால்தான் டெஸ்ட்டை தீபாவளி முடிஞ்சதுமே எடுக்கச் சொல்கிறோம்.