உங்களுக்குத் தெரியுமா? வைரசுக்குச் சாவி கொடுப்பது நம் கலமே!

யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் ஐப்பசி, கார்த்திகை மாரி தொடங்கினால் டெங்குப் பயமும் கூடவே வரும். அந்த வைரசின் விட்டம் ஏறத்தாழ 50 நனோமீற்றர்தான். தானாகப் பெருக அதனால் முடியாது. நுளம்பு குத்தியதும் தோலிலுள்ள நிர்ப்பீடனக் கலங்களிலேயே ஒட்டிக்கொள்கிறது. கலம் அதை ஒரு சிறு பைக்குள் இழுத்து, அமிலத்தால் கரைக்கப் பார்க்கிறது. அந்த அமிலமே வைரசுக்குச் சாவி! அதன் உறை பையின் சுவரோடு ஒன்றிவிட, உள்ளிருந்த ஆர்என்ஏ இழை வெளியே வருகிறது. அதன்பின் அந்தக் கலம் வைரசு செய்யும் பட்டறைதான்.

டெங்கில் 4 வகை உண்டு. ஒரு வகைக்கு உருவான பிறபொருளெதிரி, இன்னொரு வகையைத் தடுக்காமல் கலத்துக்குள் கூட்டிச்செல்லவும் கூடும். இரண்டாம் முறை வரும் டெங்கு கடுமையாவதற்கு இது முக்கிய காரணம். ஆகவே ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ எந்தச் சாறும் நுளம்பு வலைக்கு ஈடாகாது. என்றாலும் முருங்கையிலை, பயறு, மீன், நல்ல நித்திரை எல்லாம் உடலுக்குப் பலம்தான்; கட்டாயம் வேண்டும்.

காய்ச்சலென்றால் இளநீர், கஞ்சி, ஜீவனிக் கரைசல், ஓய்வு, அளவோடு பரசிட்டமோல். அஸ்பிரின், இபுபுரோபன் வேண்டவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்டதும் நிம்மதியடையாதீர்கள், ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்று நோ, தொடர்வாந்தி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நுளம்பு பெருகாமலிருக்க, நீர் தேங்கும் சிரட்டை, கோம்பை, பழைய டயரோடு கிணற்றையும் பாருங்கள். டெங்கு நுளம்பின் குடம்பிகள் யாழ்ப்பாணத்து உவர்நீர்க் கிணறுகளிலும் வளர்வதை 2011இல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.