தைமஸ் நீக்கம்: தசைக்களைப்பு நோய்க்கு நெஞ்சில் ஓர் அறுவை

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியை அகற்றுவது, மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைக்களைப்பு நோய்க்கான சிகிச்சைகளில் ஒன்று. நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின், தசையிலுள்ள ஏற்பிகளைத் தொட்டால்தான் தசை சுருங்கும். இந்நோயில் உடல் தானே உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் அந்த ஏற்பிகளைத் தாக்குகின்றன. காலையில் திறந்திருந்த இமை மாலையில் சரிகிறது. பாதிச் சாப்பாட்டிலேயே தாடை ஓய்ந்துபோகிறது. முற்றினால் மூச்சுத் தசைகளும் தளரும்.

டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் தன் உடலைத் தாக்காமலிருக்கப் பழகும் இடம் தைமஸ். பருவ வயதுக்குப் பின் அது சுருங்கிக் கொழுப்பாகிவிடும். இளவயதில் இந்நோய் வந்தவர்களில் பலருக்கோ அது சுருங்காமல் தடித்து, எதிர்ப்பொருள் உருவாகும் களமாகிவிடுகிறது. நோயாளிகளில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு அங்கே தைமோமா என்ற கட்டியும் இருக்கும். கட்டி இருந்தால் பொதுவாக அதை எடுத்துவிடுவார்கள். கட்டி இல்லாதவர்கள் விஷயத்தில்தான் நெடுங்காலம் வாதம் நடந்தது.

1911-இல் சூரிச்சில் ஃபெர்டினாண்ட் சாவர்புரூக் ஓர் இளம்பெண்ணின் தைமஸை எடுத்தார். நோக்கம் தைராய்டு மிகைச் சுரப்பைக் குறைப்பது. அவருக்கு இருந்த தசைத் தளர்ச்சியும் கூடவே குறைந்தது. 1936-இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஆல்ஃபிரட் பிளலாக் ஒரு பெண்ணின் தைமஸ் கட்டியை நீக்க, அவரும் தேறினார். பின்னர் பிளலாக் கட்டி இல்லாதவர்களுக்கும் இந்த அறுவையைச் செய்தார். ஆனால் இந்நோய் தானாகவே ஏறி இறங்கும் சுபாவம் உடையது. தேறியது கத்தியாலா, காலத்தாலா என்ற ஐயம் நியாயமானதே. அது பெருமளவு தீர 2016 வரை ஆனது. கட்டி இல்லாத 126 பேரை மூன்றாண்டு கவனித்த ஆய்வில், அறுவையும் பிரட்னிசோன் மருந்தும் பெற்றவர்களுக்கு, மருந்து மட்டும் பெற்றவர்களைவிடத் தளர்ச்சி குறைவாக இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கும் மருந்தின் சராசரி அளவும் 60 மில்லிகிராமுக்குப் பதில் 44 போதுமானதாயிற்று.

சுரப்பியை மட்டும் எடுத்தால் போதாது. சுற்றியுள்ள கொழுப்பிலும் தைமஸ் திசு சிதறிக் கிடக்கும். அதையும் வழித்தெடுக்க வேண்டும். இருபுறமும் இறங்கும் பிரெனிக் நரம்புகளில் கத்தி பட்டுவிடக் கூடாது. பட்டால் உதரவிதானம் செயலிழக்கும். ஏற்கெனவே மூச்சுத் தசை பலவீனமான நோயாளிக்கு அது பேராபத்து. முன்பெல்லாம் நெஞ்செலும்பைப் பிளந்தே செய்தார்கள்; இப்போது விலா இடுக்கில் சிறு துளையிட்டு, கேமராவோ ரோபோவோ கொண்டும் செய்கிறார்கள்.

இது அவசர அறுவை அல்ல. தளர்ச்சி கடுமையாக இருந்தால் முதலில் மருந்தாலோ பிளாஸ்மா மாற்றத்தாலோ நோயாளியைத் தேற்றிய பிறகே மேசையில் ஏற்றுவார்கள். பலன் தெரிய மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை மாத்திரையை நிறுத்த முடியாது. கட்டி இல்லாமல், மஸ்க் என்ற வேறொரு புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு இந்த அறுவை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.