ஷா ஆலமில் இருந்த தமிழ்க் கிராமங்கள்: கணக்கெடுப்பில் தோட்டம் எங்கே?

தமிழ்நாட்டில் உங்க கொள்ளுத்தாத்தா பிறந்த ஊர் ஒரு கிராமமாக இருந்தால், இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பொதுவாக அதற்கென்று ஒரு வரி இருக்கும். 2011 கணக்கெடுப்பில் எத்தனை வீடு, எத்தனை ஆண், எத்தனை பெண், ஆறு வயது வரையிலான பிள்ளைகள் எத்தனை பேர், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கிராமம் கிராமமாகப் பார்க்கலாம்.

அவர் கப்பலேறி வந்து குடியேறிய தோட்டத்தை இன்று தேடினால்? பல இடங்களில் தோட்டமே இல்லை. ஷா ஆலம் அதற்கு நல்ல உதாரணம்.

முன்பு என்ன இருந்தது?

சுங்கை ரெங்கம் என்று அழைக்கப்பட்ட வட்டாரம் இது. சுற்றிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். 1974-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. சிலாங்கூருக்குப் புதிய தலைநகரம் தேவைப்பட்டது. 1978 டிசம்பர் 7-இல் ஷா ஆலம் தலைநகரானது. 2000 அக்டோபர் 10-இல் மாநகர் தகுதி பெற்றது.

தோட்டம் ஒரு கிராமமா?

வாழ்க்கையைப் பார்த்தால், ஆமாம். லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, பந்து விளையாடத் திடல். விடியுமுன் பெரட்டு, அப்புறம் பால்வெட்டு. ஆண், பெண் இருவருமே வேலைக்குப் போனார்கள். தொழிலாளிக்கு மேலே கங்காணி, அவருக்கு மேலே கிராணி, எல்லாருக்கும் மேலே துரை. கிராணிமார்களில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழர்களும் அதிகம்.

ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம். நிலமும் வீடும் கம்பெனிக்குச் சொந்தம். தோட்டம் கைமாறி மேம்பாட்டுக்குப் போனால் வேலை, வீடு, வளர்த்த மாடு, போட்ட காய்கறித் தோட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் போகும். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 1980-இல் விதிமுறை வந்தது. ஐந்து ஆண்டு, அதற்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். கணக்கில் வந்தது வேலை மட்டும்தான், ஊர் வரவில்லை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

1970-இல் மலேசியர்களில் 28.4 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தார்கள். 2020-இல் அது 75.1 விழுக்காடு. குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. இந்த எண்களில், படிப்புக்கும் நல்ல வேலைக்கும் விரும்பி நகரம் வந்தவரும், தோட்டம் மூடியதால் புறம்போக்கு வீட்டுக்கோ மலிவு விலை அடுக்குமாடிக்கோ போனவரும் ஒன்றுதான். இருவருமே 'நகரவாசி'. இரண்டாமவருக்கு என்ன உதவி தேவை என்பது அந்த எண்ணில் தெரியாது.

மிச்சம் இருப்பது என்ன?

பெரும்பாலும் பள்ளியின் பெயர். 1923 தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டியிருந்தது. அப்படித்தான் தோட்டங்கள்தோறும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. தோட்டம் போன பிறகும் 'லாடாங்' என்ற சொல் பள்ளிப் பெயர்களில் நிற்கிறது. ஷா ஆலம் செக்‌ஷன் 7-இல் உள்ள மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி அப்படி ஒன்று.

உங்க குடும்பம் எந்தத் தோட்டம் என்று தெரியாதா? பாட்டியின் பழைய பள்ளிச் சான்றிதழையும் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். லயத்தில் எத்தனை வீடு, பக்கத்து வீட்டில் யார், அவர்கள் இப்போது எங்கே என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த ஊரின் கணக்கெடுப்பை இன்னும் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.