மூக்கில் வடியும் தெளிநீர்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் மக்களுக்கு மூக்கிலிருந்து நீர் வடிவது புதுமையன்று. ஐப்பசியில் வாடை திரும்பியதும் வீட்டுக்கு ஒருவர் தடிமனோடு தும்முவார். ஆனி ஆடியிலே கச்சான் காற்றுப் புழுதியை வாரி இறைக்கும்போது எஞ்சியவர்கள் தும்முவார்கள். கடலில் மூழ்கிச் சங்கும் அட்டையும் எடுப்போருக்கு வேறோர் அனுபவமும் உண்டு. கரையேறிச் சில மணிநேரம் கழிந்தபின், கயிற்றை எடுக்கவோ வலையைத் தூக்கவோ குனிந்த மாத்திரத்தில், மூக்கிலிருந்து உப்புநீர் சரேலெனக் கொட்டும். முகத்து எலும்புகளுக்குள்ளே இருக்கும் காற்றறைகளில் தங்கிப்போன கடல்நீரே அது. கேடொன்றும் இல்லை, ஒருநாளில் நின்றுவிடும்.

இவ்வளவு பழகிப்போன காரியத்திற்குள் எப்பொழுதோ ஒருமுறை வேறொன்று வந்து ஒளிந்துகொள்கிறது. அதுவும் தெளிந்த நீர்தான். அதுவும் உப்புக் கரிப்பதுதான். அதுவும் குனிந்தால் சொட்டுவதுதான். ஆனால், அது கடலிலிருந்து வந்ததன்று; மூளையைச் சூழ்ந்து நிற்கும் நீர். இந்த அரிய நோயைப் பற்றியே இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன். அரிய நோய்க்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கலாம். காலத்தில் அறிந்தால் பெரும்பாலும் முற்றாகக் குணமாகும் நோய் இது. தடிமன் என்று எண்ணி விட்டுவிட்டால் உயிருக்கே உலை வைக்கக் கூடியது. நோயாளியின் நல்வாழ்வு ஏறக்குறைய முழுவதும் அந்த அறிதலைப் பொறுத்தே இருக்கிறது.

ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் துறைமுகத்திற்கு வேலைக்கு வந்துபோகும் ஓர் இளைஞர். ஒருநாள் இரவு பாதையில் படுத்திருந்த மாட்டில் மோதி விழுகிறார். நெற்றியில் காயம்; கண்களைச் சுற்றிக் கறுத்துப் போகிறது; மூக்கிலே சிறிது குருதி. வைத்தியசாலையில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் தேறி வீடு திரும்புகிறார். மூன்று வாரம் கழித்து இடப்பக்க மூக்கில் மட்டும் நீர் வடியத் தொடங்குகிறது. மனைவி கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறார். தாயார் ஆவி பிடிக்கச் சொல்கிறார். மருந்துக் கடையிலே தடிமன் குளிகை தருகிறார்கள். விழுந்த கதையை மறந்தாயிற்று. எனவே கடைக்காரரிடம் அதை ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் செல்கிறது. ஓரிரவு கடுங்காய்ச்சலும், மண்டையைப் பிளக்கும் வலியும், கழுத்து விறைப்பும் வருகின்றன. இந்த மனிதர் நான் கற்பனை செய்தவர். ஆனால், இந்த வரிசையிலேதான் இந்நோய் பலரிடத்தும் நடந்து வந்திருக்கிறது.

மூளையும் முண்ணாணும் ஒரு நீருக்குள்ளே அமர்ந்திருக்கின்றன. பாடநூல்கள் இதை மூளைய முண்ணாண் பாய்பொருள் என்று கூறும். வளர்ந்த ஒருவரிடம் இது ஏறத்தாழ 150 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேநீர்க் கோப்பை அளவு இருக்கும். மூளையின் உள்ளறைகளில் நாளொன்றுக்கு அரை லீற்றர் அளவு சுரந்து, அதே அளவு குருதிக்குள் உறிஞ்சப்படுகிறது. ஆகவே, கோப்பை நீர் நாள்தோறும் மூன்று நான்கு முறை புதிதாகின்றது. இந்நீரின் பயனைத் துறைமுகவாசிகளுக்கு விளக்குவது எளிது. கரையில் ஏற்றிய வள்ளத்தை அசைக்கப் பத்துப் பேர் வேண்டும். நீரில் இறக்கிவிட்டால் ஒருவர் தள்ளலாம். ஏறக்குறைய 1400 கிராம் நிறையுள்ள மூளையும் அப்படியே மிதக்கிறது. நீருக்குள்ளே அதன் பாரம் ஐம்பது கிராம் அளவாகவே குறைந்து நிற்கிறது. மூளை தன் பாரத்தால் தானே நசுங்காமல் இருப்பதற்கு இந்த மிதப்பே காரணம்.

இந்த நீருக்கும் மூக்குக்கும் இடையே நிற்பது மெல்லிய எலும்புத் தகடொன்று. மணத்தை உணரும் நரம்பு இழைகள் மூக்கிலிருந்து மூளைக்குச் செல்வதற்காக அதிலே சிறு துளைகள் பல உண்டு; நம் அடுக்களை அரிதட்டைப் போன்றது. உடற்கூற்று அறிஞர் அதற்கு இட்ட பெயருக்கும் அரிதட்டு என்பதே பொருள். அதன் மேலே மூளையின் தடித்த உறை விரித்து மூடியிருப்பதால், துளையிருந்தும் ஒழுக்கில்லை. தலையில் பலத்த அடிபட்டு எலும்பு வெடித்து, உறையும் கிழிந்தால், மேலிருந்த நீர் மூக்கிற்கு இறங்கும். நீர் இறங்கும் வழியாகவே மூக்கில் வாழும் கிருமிகள் மேலேறவும் கூடும் என்பதை மறத்தலாகாது. அந்த இளைஞருக்குக் காய்ச்சல் வந்தது அவ்வாறே. நீர் போவதால் வருந்தீங்கு சிறிது. கதவு திறந்து கிடப்பதால் வருந்தீங்கே பெரிது.

‘தலையிலே நீர் கோத்துக்கொண்டது, அதுதான் மூக்கால் வடிகிறது’ என்று நம் முதியோர் தடிமனைப் பற்றிச் சொல்வது வழக்கம். இது நம்மவர் மட்டும் கொண்ட எண்ணமன்று. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் பெருமருத்துவரும், மூளையின் கழிவே மூக்குச்சளியாக இறங்குகிறதென்று எழுதினார். மேலைநாடுகள் பலநூறு ஆண்டுகள் அதை நம்பின. சளி மூக்கின் சவ்விலேயே சுரக்கிறது, மூளைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஜெர்மானிய அறிஞர் கொன்ராட் ஷ்னைடர் 1660 ஆம் ஆண்டளவில் நிலைநாட்டினார். பழைய கொள்கை வீழ்ந்தது. ஆயினும், மிக அரிதாக யாரோ ஒருவரிடத்து அந்தப் பழைய பேச்சு எழுத்துக்கு எழுத்து மெய்யாகிவிடுகிறது! 1899 இல் இலண்டனைச் சேர்ந்த சென்ட் கிளேர் தொம்சன், அடிபடாமல் தானாகவே மூளைநீர் மூக்கால் ஒழுகும் நோயாளரைப் பற்றித் தனிநூலே எழுதினார்.

அடிபடாமலும் வருமோ எனின், வரும். பெரும்பகுதி விபத்தால் வருவது. ஒரு பகுதி மூக்கு, காற்றறைச் சத்திரசிகிச்சைகளின்போது தற்செயலாக நேர்வது. எஞ்சியது தானே தோன்றுவது. உடற்பருமன் மிக்க நடுவயதுப் பெண்களிடத்து இது கூடுதலாகக் காணப்படுகிறது. தலைக்குள்ளே நீரின் அழுத்தம் நெடுநாள் மிகுந்திருந்து எலும்பை அரித்து மெலியச் செய்வதே அதற்குக் காரணம். ஆதலால், நான் விழவேயில்லை, எனக்கு இது வராது என்று ஒருவரும் தள்ளிவிட வேண்டா.

சரி, தடிமனிலிருந்து இதைப் பிரித்தறிவது எவ்வாறு? தடிமன் இரு மூக்கிலும் வடியும். இது பெரும்பாலும் ஒரு பக்கமே வடியும். தடிமன் நீர் சில நாளில் தடித்து மஞ்சளாகும். இது எத்தனை நாளாயினும் கிணற்று நீர்போலத் தெளிந்தே இருக்கும். தடிமன் துடைத்த கைக்குட்டை உலர்ந்தால் கஞ்சி போட்டதுபோல் விறைக்கும். இதைத் துடைத்தது விறைப்பதில்லை. படுத்திருக்கையில் இந்நீர் தொண்டைக்குள் இறங்கி உப்புக் கரிக்கும். காலையில் எழுந்து குனிந்ததும் பொலபொலவெனச் சொட்டும். சிலருக்கு எழுந்து நின்றால் தலைவலி கூடும், படுத்தால் தணியும். சிலருக்கு மணம் தெரியாமற் போகும். முக்குளிப்போர் ஒரு கணக்கை மனத்திற் கொள்ளலாம்: கடலுக்குப் போகாத நாளிலும் நீர் சொட்டுமாயின் அது கடல்நீராக இருக்க வழியில்லை. அடிபட்டவருக்கு ஒழுக்கு முதல் இரண்டு நாளிலேயே தோன்றுவது பெரும்பான்மை. ஆனால், மூன்று மாதம் வரையிலும், மிக அரிதாக அதற்குப் பின்னரும், வெளிப்படுவதுண்டு.

குருதி கலந்த நீரைத் துணியில் விட்டால் நடுவே சிவப்பும் சுற்றிலும் தெளிந்த வளையமும் தோன்றும் என்பதும், சர்க்கரை பார்க்கும் தாளால் சோதிக்கலாம் என்பதும் பழைய முறைகள். இரண்டும் பொய் சொல்லக் கூடியவை. கண்ணீர் கலந்தாலும் வளையம் வரும். உறுதியான சோதனை ஆய்வுகூடத்தில் உண்டு. பீட்டா-2 திரான்சுபெரின் என்னும் புரதம் மூளைநீரில் உள்ளது, மூக்குச்சளியில் இல்லை. சிறு அளவு நீரைச் சுத்தமான போத்தலில் ஏந்திக் கொடுத்தாலே போதும். எல்லா ஊரிலும் இவ்வசதி இராது; மாதிரியை அனுப்பிச் சோதிக்க வேண்டி வரலாம். ஓட்டை எங்கே என்பதை நுணுக்கமான சீ.டி. படமும், வேண்டுமாயின் எம்.ஆர்.ஐ. படமும் காட்டும்.

ஐயம் வந்தபின் செய்யத் தகாதவை சில உண்டு. மூக்கைச் சிந்தக் கூடாது. சிந்தினால் காற்றும் கிருமியும் மேலே தள்ளப்படும். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முக. மூக்கினுள் பஞ்சு அடைத்தலும், எண்ணெயோ நசிய மருந்தோ விடுதலும், உப்புநீரால் கழுவுதலும் ஆகா. வீதி விபத்திலே விழுந்தவருக்கு மூக்கால் நீரும் குருதியும் வடிந்தால் அடைக்காமல் வடியவிட்டு, கழுத்தை அசைக்காது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் நன்று. காய்ச்சல், கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் கூசுதல், வாந்தி, தடுமாற்றம் ஆகியவை சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி இலவசமாகவே வரும்.

சிகிச்சை பற்றி அஞ்ச வேண்டியதில்லை. விபத்தால் வந்த ஒழுக்கில் பெரும்பாலானவை ஒரு வாரம் பத்து நாள் ஓய்வில் தாமே அடைபடும். தலைப்பக்கம் சற்றே உயர்த்திய படுக்கை, பாரம் தூக்காமை, முக்காமல் மலங்கழிய மருந்து, இவையே முதற்சிகிச்சை. தேவையானால் இடுப்பு முள்ளந்தண்டில் மெல்லிய குழாய் இட்டுச் சில நாள் நீரின் அழுத்தத்தைக் குறைப்பர். நியூமோகொக்கசு கிருமிக்கு எதிரான தடுப்பூசியும் இடுவர். கிருமிக்கொல்லிக் குளிகையை முன்கூட்டியே விழுங்கினால் காவல் என்று பலர் நினைக்கிறார்கள். ஆய்வுகள் அதற்குத் தக்க சான்று தரவில்லை.

தானே அடைபடாதபோதும், தானே தோன்றிய ஒழுக்கிலும் சத்திரசிகிச்சை வேண்டும். 1926 இல் அமெரிக்காவிலே வோல்ற்றர் டான்டி என்பார் மண்டையைத் திறந்து, நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த தசையுறையால் ஓட்டையை ஒட்டினார். இன்றும் ஒட்டுவது அத்தகைய திசுவாலேயே: தொடையுறை, வயிற்றுக் கொழுப்பு, மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வு. மாறியது வழி. 1981 இல் ஜெர்மனியில் விகாண்ட் என்பவர் காட்டிய வழியிலே, இன்று மூக்கினூடாகவே உள்நோக்குக் கருவியைச் செலுத்தி அடைக்கிறார்கள், முகத்திலே தழும்பில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு முதல் முயற்சியிலேயே நின்றுவிடுகிறது. அழுத்தம் மிகுந்தவர்களுக்கு அதையும் குறைக்காவிட்டால் வேறிடத்தில் மறுபடியும் உடையும்.

விபத்தைக் குறைக்கும் வழியைச் சொல்லாமல் விடலாகாது. அரேபியாவின் லோரன்ஸ் எனப்பட்ட ஆங்கிலேயப் படைவீரர் 1935 இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மாண்டபோது அவரைப் பார்வையிட்ட மருத்துவருள் ஒருவர் ஹியூ கெயர்ன்ஸ். அவர் 1937 இல் மூக்கால் மூளைநீர் ஒழுகுதல் பற்றிக் கட்டுரை எழுதினார். 1941 இல் மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து தலைக்கவசத்தின் அவசியத்தை எடுத்துக் காட்டினார். நிலாவெளி வீதியிலும் கிண்ணியாப் பாலத்திலும் தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டுச் செல்வோரை இன்றும் காண்கிறோம். நாடாவைப் பூட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னே தான் பறந்துவிடும்.

மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரைக் காணத் திருகோணமலையிலிருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலை வரை அனுப்பப்பட நேரலாம். 260 கிலோமீற்றர் அளவான பயணம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லையெனினும், துணைக்குப் போவோரின் செலவும், பங்குனி முதல் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் தொழில் கெடுவதும் பலரைத் தயங்க வைக்கின்றன. அடைத்தபின் சில கிழமை பாரம் தூக்க இயலாது, மூக்கைச் சிந்த இயலாது. கடலில் மூழ்குவதற்கு நிபுணரின் சம்மதம் வேண்டும். வைத்தியசாலைக்குப் போகும்போது எப்போது விழுந்தீர்கள், எந்தப் பக்க மூக்கு, எத்தனை நாளாக என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ‘தடிமன்’ என்று மட்டும் சொன்னால் தடிமனுக்குரிய மருந்தே கிடைக்கும்.